வால் முளைத்த கேள்வி

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சனிக்கிழமைதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். தையல் பிரிவில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்களில் ஒருவரை சூப்பர்வைசர் ஆக்குவார்களாம். அதற்காகவே ஒடுகத்தூரிலிருந்து பஸ் மாறி வருகிற ஒருத்தி ஒரு வகுப்பையும் விட்டதில்லை. பல வருஷமாக மிஷினில் குனிந்திருந்தவள். அந்த வேலை கிடைத்தே தீர வேண்டும் என்றிருந்தாள்.

வாக்கியத்தின் கடைசியில் குட்டிக் கேள்வி ஒன்றை வாலாக ஒட்டுகிற பாடம் வந்தாலே எனக்குத் தலைவலி. நமக்கு 'தானே' ஒன்று போதும். வந்தான்தானே, வருவாள்தானே, மாடு மேய்ந்ததுதானே, முடிந்தது வேலை. இங்கிலீஷ்காரனுக்கு அது போதாது. ஆமாம் என்று ஆரம்பித்தால் வாலில் இல்லை வர வேண்டும், இல்லை என்று ஆரம்பித்தால் ஆமாம். ஆளுக்கும் காலத்துக்கும் தகுந்தபடி வேறு மாற்ற வேண்டும். கரடியாகக் கத்தினாலும் வகுப்பு மொத்தமும் எல்லாவற்றுக்கும் "இஸின்ட் இட் சார்" என்றே முடிக்கும். நான் சாரே இல்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கம்பெனி மேனேஜரே "யூ ஆர் கமிங் டுமாரோ, இஸின்ட் இட்?" என்கிறவர்தான்.

இன்டர்வியூவில் என்னையும் உட்கார வைத்தார்கள். அவள் நன்றாகவே பேசினாள். தோல், நூல், ரிஜெக்ட் என்று கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். கடைசியில் மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"யூ வோன்ட் லீவ் ஆஃப்டர் மேரேஜ், வில் யூ?"

கல்யாணமானதும் வேலையை விட்டுப் போய்விட மாட்டாயே என்று. ஜென்மத்தில் முதல் தடவையாக வாலைச் சரியாக ஒட்டினார், பாவி மனுஷன். "நோ சார்" என்றால் தீர்ந்தது. அவளோ தமிழுக்கு வந்துவிட்டாள்.

"பசங்களயும் இத கேட்டீங்களா சார்?"

மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டு, போகலாம் என்றார்.

சாயந்திரம் கம்பெனி கேட்டில் அவளைப் பிடித்துத் திட்டித் தீர்த்தேன். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்துகொண்டாயே என்றேன். அவள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கேள்வியும் அவரே கேக்கறாரு, பதிலும் அவரே சொல்றாரு. அப்புறம் என்னை இன்னாத்துக்கு மிஸ் கூப்ட்டாங்க?"

வேலை ஒரு பையனுக்குப் போனது. நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதைப் பற்றி அவனிடமும் இன்டர்வியூவில் மேனேஜர் கேட்டார், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். பிரியாணி உண்டா என்று கேட்டார்.