காகிதம் சொன்ன பதினான்கு

உங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? வாங்கும்போது காட்டிய தாளில் இருந்த எண்ணைச் சொல்லாதீர்கள். தெருவில், மேட்டில், நெரிசலில், ஆளும் சுமையும் ஏறிய பிறகு எத்தனை ஓடுகிறது? பெரும்பாலும் நீங்கள் அளந்து பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும், "அவன் சொன்னதை எந்த வண்டி குடுத்திருக்கு" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். சிரிக்க முடிவது ஒரு வசதி. தாளில் இருந்த எண்ணுக்கும் தெருவில் கிடைத்த எண்ணுக்கும் நடுவே இருந்த இரண்டு கிலோமீட்டருக்காக ஒருவரைத் திருடர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு அந்த வசதி இல்லை.

சலவை ஆலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேன் ஓட்டியவர் அவர். நாற்பத்தெட்டு வயது. பேச்சு குறைவு என்பதால் மற்ற ஓட்டுநர்கள் வைத்த பெயர் சைலன்ஸர். "அந்த வண்டிக்கு ரெண்டு சைலன்ஸர்டா. ஒண்ணு அடியில, ஒண்ணு சீட்டுல" என்பார்கள். அதற்கும் அவர் சிரித்ததில்லை, கோபித்ததுமில்லை.

காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும். வெளுத்து மடித்த படுக்கை விரிப்புகளை ஆறு மருத்துவமனைகளிலும் நான்கு விடுதிகளிலும் இறக்கிவிட்டு, அழுக்குத் துணியை ஏற்றி வர வேண்டும். போகும்போது வேன் லேசாக இருக்கும். திரும்பும்போது ஈரத் துண்டும் நனைந்த போர்வையும் சேர்ந்து கல்லாகக் கனக்கும். மூட்டைகளைத் தூக்கும் பின்பலகை, இன்ஜின் ஓடினால்தான் மேலே எழும். பின்வாசல் காவலாளி கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, தள்ளுவண்டி வந்து சேரும்வரை, நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். நகராத வண்டியும் டீசல் குடிக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆனால் மேலாளருக்கு ஒரு தாள் இருந்தது. ஐந்து வேன்களும் புதிதாக வந்த அன்று கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள். லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்று முத்திரையோடு அச்சடித்திருந்தது. அதைக் கிழியாமல் உரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தன் நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினார். அன்றிலிருந்து அதுவே சட்டம். மாதம் ஓடிய தூரத்தைப் பதினான்கால் வகுப்பார்கள். அதற்குமேல் டீசல் செலவாகியிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மூன்று கடிதம் வந்தால் விசாரணை.

முதல் மாதமே ஐந்து பேருக்கும் ஏறக்குறைய இருபத்தைந்து லிட்டர் கூடுதலாக வந்தது. வேன்கள் உண்மையில் ஓடியது பன்னிரண்டு. தாள் தவறு என்று ஐந்து பேரில் ஒருவரும் சொல்லவில்லை. சொந்தக் காசில் டீசல் வாங்கி, ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவந்து, மாதக் கடைசி நாளில் டாங்கில் ஊற்றிவிட்டார்கள். அதற்குப் பால் கொடுப்பது என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

"என்னப்பா, குழந்தைக்குப் பால் குடுத்தாச்சா?"

"நாலு கேன் குடிச்சிடுச்சு. இன்னும் அழுவுது."

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். பதிவேட்டில் மாதாமாதம் பதினான்கு விழுந்தது. ஆலையைப் பார்க்க வருபவர்களிடம் மேலாளர் முதலில் சுவரைக் காட்டுவார், பிறகு பதிவேட்டை விரித்துக் காட்டுவார். இரண்டும் ஒத்துப்போவதில் அவருக்கு அத்தனை பெருமை. அவர் ஏமாற்றவில்லை. உண்மையாகவே நம்பினார். ஐந்து வீட்டு அடுப்படிக் காசில் ஒரு பொய் எண் உண்மையாகிக்கொண்டிருந்தது.

சைலன்ஸரின் மனைவியும் அதே ஆலையில் தேய்ப்புப் பிரிவில் இருந்தார். ஒரு நாள் சூடான உருளைக்குள் விரிப்பைத் தள்ளும்போது விரல்கள் உள்ளே போய்விட்டன. கை வெந்துபோய் மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அவர் இல்லாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

விபத்து நடந்த அந்த மாதக் கடைசியில் சைலன்ஸர் வேனின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கேன்கள் காலியாகக் கிடந்தன. டீசல் வாங்கக் காசில்லை. டாங்க் மூடியைத் திருகி மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். எதிர்ப்பு, போராட்டம் என்று எதுவும் அவர் மனதில் இல்லை. உள்ளே எல்லாமே மரத்துப்போயிருந்தது. அடுத்த இரண்டு மாதமும் அப்படியே விட்டார். மூன்றாவது கடிதம் வந்தபோது அதைப் படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணையில் மேலாளர் பதிவேட்டை விரித்து வைத்தார், குரலை உயர்த்தவில்லை. "ஒன்பது வருஷம் பதினாலு ஓடின வண்டி, இப்ப மட்டும் எப்படிங்க பன்னெண்டு ஓடும்? இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப மாசம் இருபத்தஞ்சு லிட்டர் எங்க போகுது?"

அப்போதுதான் அவர் முதன்முறையாகக் கேன்களைப் பற்றிச் சொன்னார். மேலாளர் பதிவேட்டை மூடினார்.

"சொந்தக் காசுல டீசல் வாங்கிக் கம்பெனி வண்டிக்கு எவனாவது ஊத்துவானா? சொல்றதுன்னா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுங்க."

வீட்டிலும் அன்றுதான் விஷயம் தெரிந்தது. மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "தேய்க்கிற இடத்துல வேகுது, வீட்டுலயாவது ஒரு நல்ல ஃபேன் வாங்கலாம்னு சொன்னேன். அடுத்த மாசம்னீங்க. ஒன்பது வருஷமா அடுத்த மாசம். எல்லாம் அந்த டாங்குக்குள்ள போச்சா?"

சுவர் மூலையில் பழைய ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மனைவியின் தம்பி ஒரு வண்டிப் பட்டறையில் மெக்கானிக். கேள்விப்பட்டு வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, அந்த நம்பரை எப்படி எடுக்கிறாங்கன்னு தெரியுமா? வண்டியை ஒரு அறைக்குள்ள உருளை மேல நிறுத்தி ஓட்டுவாங்க. எதிர்க்காத்து கிடையாது, மேடு கிடையாது, உங்க ஈரத் துண்டு கிடையாது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோட ஒப்பிட்டுப் பாக்கத்தான் அது. உங்க தலையில கட்டுறதுக்கா?" பிறகு அவனே ஒரு வழியும் சொன்னான். வேறொரு ஓட்டுநரிடம் அதே வேனைக் கொடுத்து, டாங்கை நிரப்பி, மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பிப் பார்க்கட்டும். எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் உண்மை.

சைலன்ஸர் அப்படியே கேட்டார். மேலாளரும் ஒப்புக்கொண்டார். நியாயமான கோரிக்கை, மறுக்க என்ன இருக்கிறது? நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநரிடம் வேனைக் கொடுத்தார்கள். நெட்டையனுக்கும் உண்மை தெரியும். அவன் ஓட்டினாலும் பன்னிரண்டுதான் வரும். வந்தால் சைலன்ஸர் தப்பித்தார்.

மூன்று நாளில் வேன் ஓடியது இருநூற்று ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். இருபத்தொரு லிட்டர் பிடித்திருக்க வேண்டும். மேலாளர் பக்கத்தில் நின்று பார்க்கப் பதினெட்டு லிட்டரில் டாங்க் நிரம்பி வழிந்தது. பதினான்கு. தாளில் இருந்த அதே பதினான்கு.

துணி ஏற்றும் முற்றத்தில் நெட்டையன் அவரைத் தேடி வந்தான். கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணே, மூணு லிட்டர் ஊத்திட்டேன்."

"ஏன்ப்பா?"

"பன்னெண்டு வந்தா என்னையும் திருடன்னுவாங்கண்ணே. எனக்கு ஏற்கனவே ரெண்டு கடிதம் இருக்கு. ஊத்தும்போது யோசிக்கக்கூட இல்ல. கை பழகிப்போச்சு."

சைலன்ஸர் தலையசைத்தார். நெட்டையன் திட்டை எதிர்பார்த்து நின்றான். திட்டு வரவில்லை. அவரும் நூற்றைந்து மாதம் அதே கையால் ஊற்றியவர்தானே? மொத்தம் இரண்டாயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் வரும். அந்த டீசலில் பூமியை முக்கால் சுற்றுக்கு மேலேயே சுற்றியிருக்கலாம். அவர் அதைக் கொண்டு தனக்கு எதிரான சாட்சியத்தை எழுதியிருந்தார்.

அன்று மாலை வேலைநீக்கக் கடிதத்தை வாங்க மேலாளர் அறைக்குப் போனார். கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேலாளர் கேட்டார். நெட்டையன் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவரோடு சேர்த்து அவனும் போவான், தாள் சுவரிலேயே இருக்கும்.

"ஒண்ணும் இல்ல சார். பேனா குடுங்க."

கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் இருந்த உறையிலிருந்து தாளை உருவி, பதினான்கு என்ற எண்ணுக்குக் கீழே பன்னிரண்டு என்று எழுதினார். அதன் கீழே வேனின் எண்ணையும் தேதியையும் எழுதி, தாளை மறுபடி உறைக்குள் செருகி, பேனாவை மேசையில் வைத்தார். அன்றிரவு கோபம் வந்ததா என்று மைத்துனன் கேட்டதற்கு, "தெரியல" என்றாராம்.

இப்போது அவர் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணுகிறார். ஆலையில் மற்ற நால்வரும் இன்னும் பால் கொடுக்கிறார்கள். அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அவருக்காக வருத்தப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாளைக்கு வண்டியை எடுக்கும்போது டாங்கை நிரப்புங்கள், கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி நிரப்பும்போது வகுத்துப் பாருங்கள். வந்த எண்ணைப் பெரிதாக எழுதி, நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். உங்களிடம் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் போய்வாருங்கள். நீங்களே சம்பளத்துக்கு ஓட்டுகிறவரானால், இந்த மாதக் கடைசியில் கேனைத் தூக்காதீர்கள். பக்கத்து வண்டிக்காரரையும் தூக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.