மீன் கணக்கில் ஒரு கடல்பசு

தருவைகுளம், 1974. வலையில் மாட்டிச் செத்த கடல்பசுவைக் கரையில் போட்டு அறுக்கிறார்கள். இன்று தவக்கால வெள்ளி. கிறிஸ்தவர்கள் நிறைந்த இந்த ஊரில் இன்று யாரும் இறைச்சி தொட மாட்டார்கள். ஆனாலும் சட்டிகளோடு கூட்டம் நிற்கிறது.

கைக்குழந்தையோடு முன்னால் நிற்கும் பெண்ணிடம், "இது மீன் இல்லையேம்மா, குட்டி போடுகிற விலங்கு" என்கிறேன்.

"கடல்ல கெடக்கதெல்லாம் மீனுதான் அண்ணாச்சி. அப்படித்தான் காலங்காலமா திங்கோம்."

கத்தி மார்புப் பக்கம் இறங்குகிறது. ரத்தத்தோடு வெள்ளையாகப் பால் வழிந்து மணலில் பரவுகிறது.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்கிறாள்.

"குட்டி இருக்கும் போலயே. தாயத் தேடி எங்கன அலையுதோ" என்று சொல்லிவிட்டு, வெறுஞ்சட்டியோடு திரும்பி நடக்கிறாள்.

பின்னால் நின்றவர் அவள் இடத்துக்கு நகர்ந்து வந்து சட்டியை நீட்டுகிறார்.