விழாத வார்டு

12-5-2014: 5,000
12-5-2015: 15,000
12-5-2016: 40,000

மூன்றும் செவிலியர் தினத்தன்று எலும்பு முறிவு வார்டின் தலைமைச் செவிலியர் மேடையேறி வாங்கிய பரிசுத் தொகைகள். முதல் தொகை அவருக்கு மட்டும். மற்ற இரண்டும் வார்டில் வேலை பார்த்த எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளக் கொடுத்தவை.

வார்டில் அவருக்கு டிரில் அக்கா என்று பெயர். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி உட்கார வைத்து, இடுப்பில் அகலமான துணிப்பட்டை ஒன்றைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்தபடி வராந்தாவில் நடத்திவிடுவார்.

"கத்துங்க, நல்லா கத்துங்க. வாய்க்கு ஒண்ணும் ஆபரேஷன் ஆகலையே. காலை மட்டும் எடுத்து வைங்க" என்பார்.

திட்டிக்கொண்டே நடந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நன்றி எழுதி அனுப்பினார்கள். முதல் விருது அந்த நன்றிகளுக்காகக் கிடைத்தது.

மறு வருடம் நிர்வாகம் விருதுக்குப் புள்ளி முறை கொண்டுவந்தது. நோயாளி கீழே விழுந்தால் வார்டுக்குப் புள்ளி குறையும். ஏப்ரல் முப்பதோடு கணக்கு முடியும். அந்த வருடம் ஓர் அம்மாள் கழிவறை வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். சிராய்ப்புகூட இல்லை. ஆனாலும் முதல் பரிசு கைநழுவி, இரண்டாம் பரிசுதான் வந்தது.

"நீங்க நடத்துறது நல்லதுதான் அக்கா. ஆனா உங்க புண்ணியத்துல எங்க பங்கு பாதியாப் போச்சு" என்றாள் ஓர் இளைய நர்ஸ், சிரித்துக்கொண்டே. அவள் கணவனுக்கு வேலை போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் சிரிப்பு டிரில் அக்காவை முள்ளாகத் தைத்தது.

யாரும் உத்தரவு போடவில்லை. கட்டில்களின் பக்கத் தடுப்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கழிவறைக்குப் போக வேண்டும் என்றவர்களுக்குப் படுக்கையிலேயே பெட்பேன் வந்தது. டாக்டர் தினமும் 'நடக்க வைக்கவும்' என்று எழுதினார். அதற்குக் கீழே டிரில் அக்கா 'நோயாளிக்குக் களைப்பு' என்று எழுதினார். வராந்தா வெறிச்சோடியது. சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி, "என்ன ஒழுங்கு, என்ன அமைதி!" என்று மெச்சிவிட்டுப் போனார்.

2016 ஏப்ரல் ஒன்பதாம் தேதி, இடுப்பெலும்பு உடைந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். மனைவி இல்லை. மகள் வீடுதான் அவர் வீடு. அது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"அப்பா படி ஏறினாப் போதும் சிஸ்டர், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். தூக்கிட்டுப் போறதுக்கு எங்க வீட்ல ஆள் இல்ல" என்றாள் மகள். அவர் வீடு திரும்புவது அந்தப் படிகளில்தான் இருந்தது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. டிரைவர் அவசரப்பட்டார்.

"வண்டியை ஷெட்லயே போட்டு வச்சா பேட்டரி இறங்கிடும் சிஸ்டர். ஒரு ரவுண்டு விடுங்க."

"பொறுங்க டிரைவர் அண்ணே. ஒண்ணாம் தேதி ஆகட்டும்."

"ஏன், அன்னைக்குத்தான் பர்மிட் வருதா?"

டிரில் அக்கா தலையணையைத் தட்டிப் போட்டார். போர்வைக்குள் டிரைவரின் நல்ல கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் 'களைப்பு' என்று எழுதினார்.

மே இரண்டாம் தேதி பட்டையைக் கட்டி எழுப்பியபோது அந்தக் கால்கள் ஈரத்துணியாகத் துவண்டன. தலை சுற்றியது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. முதுகுக்குக் கீழே புண் வந்திருந்தது. "பிரேக்கும் இல்ல, ஆக்ஸிலேட்டரும் இல்ல சிஸ்டர்" என்று சிரிக்கப் பார்த்தவர், பாதியிலேயே அழுதுவிட்டார். பத்தாம் தேதி மகள் வேறு வழியில்லாமல் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள்.

பன்னிரண்டாம் தேதி மேடையில், "ஒரு வருடத்தில் ஒருவர்கூட விழாத வார்டு!" என்று அறிவித்தார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. டிரில் அக்கா தலை நிமிரவில்லை. அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவர் கம்பிகளை இறக்கிவிட்டுப் பட்டையைக் கையில் எடுத்தார்.

"அப்போ அடுத்த வருஷப் பரிசு அம்போதானா அக்கா?" என்றாள் அந்த இளைய நர்ஸ்.

"அம்போதான்."

ஜூனில் இரண்டு பேர் விழுந்தார்கள். அடி பலமில்லை. விளக்கம் கேட்டார்கள். 'நடக்கிறவர்கள்தான் விழுவார்கள்' என்று எழுதிக் கொடுத்தார். அவரைத் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள மாற்றினார்கள். வார்டில் கம்பிகள் மறுபடி உயர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிரில் அக்கா பட்டையோடு முதியோர் இல்லத்துக்குப் போனார். முதல் நாள் டிரைவர் முகம் கொடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, "என்ன, பரிசெல்லாம் வாங்கி முடிச்சாச்சா?" என்றார்.

"முடிச்சாச்சுண்ணே. அதுக்காகத்தான் உங்களைப் படுக்கையிலேயே போட்டு வச்சேன்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் சொல்லியிருந்தா வெளிய போகச் சொல்லியிருப்பேன். பிடிங்க" என்று கையை நீட்டினார்.

ஆகஸ்டில் வாக்கரைப் பிடித்து நடந்தார். செப்டம்பரில் கைத்தடிக்கு மாறினார். அக்டோபர் ஒன்பதாம் தேதி, கைப்பிடிச் சுவரைப் பற்றி இல்லத்தின் மாடிப்படி முழுவதும் ஏறி, மேலே நின்று ஹாரன் அடிப்பதுபோல் சத்தம் போட்டார். அன்றே மகளுக்கு எழுதச் சொன்னார். 'ஏறிட்டேன். வந்து கூட்டிட்டுப் போ' என்று அவர் சொன்னதை டிரில் அக்கா அப்படியே எழுதினார்.

அடுத்த வாரம் கிடங்கில் விடுப்பு கிடைக்கவில்லை. இருபத்து மூன்றாம் தேதி போனபோது டிரைவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எழுந்திருங்கண்ணே, படி ஏறலாம்."

"ஏறி எங்கே போறது சிஸ்டர்?"

மகளின் பதிலை அவரே எடுத்துக் கொடுத்தார். வாடகை கட்ட முடியாமல் ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்துவிட்டார்களாம். இப்போது கணவனின் அக்கா வீட்டில், ஒரே அறையில் ஐந்து பேர். 'மே மாசமே வந்திருந்தா உங்க பென்ஷனையும் சேர்த்து எப்படியாவது சமாளிச்சிருப்போம்பா. கோவிச்சுக்காதீங்க.'

டிரில் அக்கா அதை இரண்டு முறை படித்தார். அன்று டிரைவர் எழுந்திருக்கவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. மகளுக்குப் பதில் எழுதச் சொல்லவுமில்லை. அதன் பிறகு இல்லத்து முகவரிக்கு அவர் பெயரில் கடிதம் எதுவும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 17-10-2016, திங்கட்கிழமை.