சிவப்பைத் தேடிப் போன பிள்ளை

கலர் டீச்சர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியும். முப்பத்தோரு வருடம் மழலையர் வகுப்பு. எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கிரேயான் மெழுகு ஒட்டியிருக்கும். பயந்திருக்கிறாயா என்று வீட்டில் கேட்டால் ஒரே ஒரு நாளைத்தான் சொல்வாள்.

அன்று வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். மணிக்கட்டில் ஆளுக்கொரு ரிப்பன். அவள் கை தட்டியதும் ரிப்பனின் நிறத்தில் ஒரு பொருளைத் தேடிப்பிடித்துத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தட்டினாள். மஞ்சள் அலமாரிக்கு ஓடியது, நீலம் வாளிக்கு. எண்ணினாள். இருபத்தொன்று.

"குண்டூசி எங்க?"

வகுப்பிலேயே ஒல்லியான பையன் அவன். சிவப்பு ரிப்பன்.

"தண்ணி எடுக்கப் போனப்ப கதவைச் சாத்த மறந்துட்டேன் டீச்சர்," என்றாள் ஆயா. முகம் வெளுத்துவிட்டது.

சிவப்பாக இருந்ததையெல்லாம் தேடி ஓடினாள். மணல் வாளி, வாசல் கேட், பெரிய டீச்சரின் ஸ்கூட்டர். எங்கும் இல்லை.

அப்போதுதான் அவன் படங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு மாதமாக மரத்தின் இலைக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தான். "புத்தி எங்கடா மேயுது?" என்று நேற்றுகூடக் காதைத் திருகியிருந்தாள். புத்தி மேயவில்லை. அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.

அப்படியானால் பச்சை.

பின்பக்கம் பச்சைத் தார்ப்பாய் கிடந்தது. காலையில் பிளம்பர் தரைத்தொட்டியின் மூடியைக் கழற்றி, திறப்பின்மேல் அதை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுக் குழாய் வாங்கப் போயிருந்தார். ஆழம் எட்டடி. தண்ணீர் ஐந்தடி.

குண்டூசி அதன் ஓரத்தில் குந்தி, தார்ப்பாயில் உள்ளங்கையை ஊன்றியிருந்தான். கத்த வாயைத் திறந்தவள் அடக்கிக்கொண்டாள். பிள்ளை திடுக்கிட்டால் போச்சு.

காலடி கேட்டுத் தலையைத் திருப்பினான். "தொட்டுட்டேன் டீச்சர்! செவப்புதானே?"

ஒரு முழங்காலையும் தூக்கித் தார்ப்பாயில் வைத்தான். செங்கல் ஓரங்குலம் நகர்ந்தது.

இது சிவப்பில்லை என்று சொன்னால் வேறு சிவப்பைத் தேடித் தார்ப்பாயின் குறுக்கே ஓடுவான். பிள்ளைகளுக்கு அவள் தப்பான நிறம் சொன்னதே இல்லை.

"செவப்பேதான் ராசா. நீதான் ஃபர்ஸ்ட். அப்படியே திரும்பி எங்கிட்ட வா. என் கையைத் தொட்டாத்தான் ஜெயிச்ச மாதிரி."

பின்னாலிருந்து ஆயா, "ஐயோ டீச்சர், அது பச்சை..."

"வாயை மூடுடி!"

முழங்கால் தரைக்கு வந்தது. பிறகு கை. சிரித்துக்கொண்டே ஓடிவந்து அவள் விரலைத் தொட்டான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்குது டீச்சர்," என்றான்.

தெரிந்தது. ஆனாலும் அவன் அம்மா வரும்வரை அவளால் விட முடியவில்லை.