குதிகாலில் இருந்த காய்ப்பு

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மாடி ஏறும்போது நெஞ்சை ஏதோ பிடித்தது. இரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால் (இரத்தத்தில் ஓடும் கொழுப்பு) மிக அதிகம் என்று வந்தது. நான் நம்பவில்லை. எனக்கு உடம்பில் சதையே கிடையாது. எனக்கு முன்னால் இரத்தம் கொடுத்தது பருமனான ஒரு பஞ்சாபி அம்மாள். குப்பி மாறிப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் என்மேல் சந்தேகம். மருமகள் சுமதி நெய் டப்பாவைப் பரணில் ஏற்றினாள்.

“யாரும் பாக்காதப்ப கொஞ்சம் ஊத்திக்கிறீங்களா அத்தை?”

“நெய் வாசனையே எனக்கு ஆகாதேம்மா.”

“அப்ப கொழுப்புப் பாலா ஊத்துற பால்காரரத்தான் சந்தேகப்படணும்.”

வேறு இடத்தில் மறுபடி பார்த்தோம். அதேதான் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என் குதிகாலுக்கு மேலே அழுத்திப் பார்த்தார். “மாதாஜி, இது என்ன?” என்று இந்தியில் கேட்டார். செருப்பு உரசிய காய்ப்பு என்றேன். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் சொல்வோம். காய்ப்பு இல்லை, படிந்த கொழுப்பு என்றார். வேறு யாருக்கு இருந்தது என்று கேட்டார்.

என் அம்மாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்றேன்.

கணவருக்கு எப்படி என்று நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கூச்சம். அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்று சுமதிதான் சொன்னாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களில் அது முறை என்று விளக்க என் இந்தி போதாது.

டாக்டர் சிரிக்கவில்லை. இருவரும் இப்போது இல்லை என்றதும், எப்படிப் போனார்கள் என்றார். ஐம்பது வயதைத் தொடாமல், நெஞ்சுவலியில். இது மரபணுவால் (தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது) வரும், ஒல்லி குண்டு பார்க்காது, உங்கள் மகனுக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பம், அவரை உடனே கூட்டிவாருங்கள் என்றார்.

என் மகன் ரவிக்கு நாற்பது வயது. லோதி ரோடு ஆபீசுக்கு சைக்கிளில் போகிறவன்.

“எனக்குத் தொப்பையே இல்லயேம்மா. டெஸ்டு டெஸ்டுன்னு சும்மா அலைய விடுவாங்க.”

மறுநாள் காலை அவன் சாக்ஸ் போடக் குனிந்தபோது குதிகாலுக்கு மேலே அதே காய்ப்பைப் பார்த்துவிட்டேன்.

“அது ஷூ கடிச்சதும்மா.”

“என் காலைத் தொட்டுப் பாருடா.”

முதலில் தன் காலைத் தொட்டான். பிறகு என் காலை. அடுத்த நாள் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்கக் கிளம்பினான். அவனுக்கும் அதிகம்தான்.

என்னைப்போல் ஒல்லியாக இருப்பவர்களே, தராசை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்த உடம்பு என்னுடையது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது கால் கழுவும்போது அம்மாவின் காலைக் கழுவுவதுபோல் இருக்கிறது. அம்மா போன வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ரவி இன்னும் தாண்டவில்லை.

இரவில் இருவருக்கும் மாத்திரை. விழுங்கினேன் என்கிறான். வாயைத் திற என்று கேட்கக் கூச்சம். அவன் எழுந்து போனதும், டம்ளரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.