நேர்த்திக் கிடாயும் நாங்கள் இருவரும்

அந்த வருடங்களில் எங்கள் விவாதங்களெல்லாம் ஆகாயத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் நடந்தன. உரும்பிராயில் என் தோட்டமும் என் சிநேகிதனின் தோட்டமும் அடுத்தடுத்து இருந்தன. கிணறு பங்குக் கிணறு. விடிகிற நேரம் அவன் ஏற்ற மரமான துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பான். நான் கிணற்றடியில் நின்று, தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையை இறக்கி, தண்ணீரோடு மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பேன். அவன் கிணற்றை நோக்கி நடக்கும்போது பட்டை இறங்கும். அப்போது அவன் பேச்சு மேலிருந்து வரும். அவன் பின்னால் போகப் பட்டை ஏறும். தண்ணீரைக் கவிழ்த்த பிறகுதான் நான் பதில் சொல்லலாம். மூக்குக்கு மேல் கோபம் வருகிற எனக்கு அந்த இடைவெளி நல்லதாய்ப் போயிற்று.

எதைப் பற்றித்தான் நாங்கள் பேசவில்லை! பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாமா என்று ஊர் அடிபட்ட காலம் அது. அதில் இருவரும் ஒரே பக்கம், இருக்கலாம் என்றோம். அன்றைக்கு இறைப்பே சப்பென்று இருந்தது. பெண்களுக்கு வாக்கு எதற்கு என்று அவன் கேட்டபோது, பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்த அவன் மனைவி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இரண்டு பேரும் வாயாலை இறைச்சால் வெங்காயம் கருகிப் போம், அண்ணை" என்றாள் என்னிடம். அவன் அடுத்த நாளே அந்தக் கதையை விட்டுவிட்டான்.

விடாத கதை கிடாயைப் பற்றியது. முந்தின மாரியில் அவன் மகளுக்குக் காய்ச்சல் கண்டு, வைத்தியம் பார்த்த பரியாரியாரும் நம்பிக்கையற்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓர் அந்தியில், பிள்ளை எழும்பினால் ஒரு கறுப்புக் கிடாய் தருவதாக எங்கள் ஊர் வைரவருக்கு அவன் நேர்ந்துகொண்டான். பிள்ளை எழும்பிவிட்டாள். குட்டி வந்தது. கோயிலில் ஆண்டுதோறும் கிடாய் வெட்டும் வேள்வி வரைக்கும் வளர்த்துப் பலி கொடுக்கவேண்டும். கோயிலில் உயிர் வெட்டுவதை நான் மனதார வெறுத்தேன்.

"சாமி ரத்தம் கேட்டதை நீ காதாலை கேட்டனியே?" என்பேன்.

"காய்ச்சல் விட்டது பொய்யே?" என்று மேலிருந்து வரும்.

"அது பரியாரியாரின்ரை குடிநீர்."

"பரியாரியாருக்குப் புத்தி குடுத்தது ஆர்?"

"அப்ப ஒரு நீத்துப்பூசணிக்காயை வெட்டன். சாமி பேசாமல் எடுக்கும்."

"வாக்குக் குடுத்தது கிடாய். பூசணிக்காயைக் குடுத்து ஏமாத்த நான் என்ன யாவாரியே?"

இப்படியே புகையிலைக் கன்றுகள் உயர்ந்தன, கிடாயும் உயர்ந்தது. சிறுமி அதற்குப் பலாக்குழை ஒடித்துத் தின்னக் கொடுப்பாள். அதற்குப் பெயர் வைக்கக்கூடாது என்று தகப்பன் சொல்லியிருந்தான். நான் பட்டையைக் கவிழ்க்கும்போது அது வந்து வாய்க்காலில் தண்ணீர் குடித்துவிட்டு, ஈர வாயை என் தொடையில் துடைத்துவிட்டுப் போகும். தண்ணீர் ஓடும் சத்தம், மேலே அவன் குரல், கால்மாட்டில் அந்தச் சூடான மூச்சு. அந்தக் காலை நேரங்கள் எனக்கு ஒரே நீண்ட காலையாகத்தான் நினைவில் இருக்கின்றன.

வேள்விக்குச் சற்று முன்னால், பனி படிந்த துலாவில் அவன் கால் வழுக்கி விழுந்தான். கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டான். என்னைக் கூப்பிட்டனுப்பினான்.

"கால் ஏலாது, மச்சான். கிடாயை நீதான் கொண்டுபோக வேணும்."

"உனக்கு விசரே? உன்ரை தம்பி இருக்கிறான்தானே?"

"இருக்கிறான். நீ கொண்டுபோ."

என் வாதத்தை எனக்கே தின்னத் தருகிறான் என்று கொதித்தேன். அப்போது அவன் மகள் கதவுக்குப் பின்னால் இருந்து இருமினாள். சும்மா ஓர் இருமல்தான். அவன் முகம் வெளிறிப்போனதைக் கண்டேன். சரி என்றேன்.

விடியப்புறம் புறப்பட்டோம், நானும் கிடாயும். தோட்டங்களின் மேல் பனிப்புகார் மூடியிருந்தது. நாங்கள் நடந்த ஒழுங்கையின் இரு வேலிகளும் மிதப்பது போலத் தெரிந்தன. கழுத்து மாலையில் எட்டிய பூவைக் கடித்துத் தின்றுகொண்டு கிடாய் என்னோடு நடந்தது. நான் இழுக்கவே இல்லை. பறைச்சத்தம் தொலைவில் கேட்டது. அது எங்களை நோக்கி வருகிறதா, நாங்கள் அதை நோக்கிப் போகிறோமா என்று தெரியாத ஒரு மயக்கம்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். பூசாரி கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று பொருள். மூன்று முறை தெளித்தும் சிலிர்க்காவிட்டால் சாமிக்கு வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். முதல்முறை தெளித்தார். கிடாய் மூக்கில் விழுந்த துளியை நக்கியது. இரண்டாம்முறை என்னைப் பார்த்தது.

இன்னும் ஒரு தெளிப்பு. சிலிர்க்காவிட்டால் இத்தனை நாள் வாதத்திலும் வென்றவன் நான். ஆனால் சாமி கைநீட்டி வாங்கவில்லை என்று கேட்டால் அவன் என்ன ஆவான்? பிள்ளை இருமும் ஒவ்வொரு முறையும், கொடுத்ததைச் சாமி திருப்பி எடுக்கப் போகிறார் என்று செத்துப் பிழைப்பான். நான் கண்ணை மூடினேன். பலியே பாவம் என்று சொல்லித் திரிந்த நான், வைரவரே, இது சிலிர்க்கட்டும் என்று கும்பிட்டேன். மூன்றாம்முறை தண்ணீர் விழ, கையில் இருந்த கயிறு அதிர்ந்தது.

அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது புகார் கலைந்து வெயில் ஏறியிருந்தது. அவன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கையில் வெறும் கயிறு.

"சிலிர்த்ததோ?"

"ஓம். மூண்டாந்தரம். சாமி மனமாய் எடுத்திட்டுது. இனி ஒண்டுக்கும் பயப்பிடாதை."

வீங்கிய காலைக் கையால் மெல்ல நகர்த்தி வைத்தான். பிறகு சொன்னான்: "விடியத் தொடக்கம், அது சிலிர்க்கப்படாது எண்டு கும்பிட்டுக்கொண்டு கிடந்தனான்."

"பிறகேன் என்னை அனுப்பினனி?"

"நேர்ந்தவன் நான் பிடிச்சுக்கொண்டு நிண்டால் சிலிர்க்கும். நீ நிண்டால் சாமி உன்ரை சொல்லைக் கேக்கும் எண்டு நினைச்சன். நீ அங்கை என்னெண்டு கும்பிட்டனி?"

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டான்.

"நான் உன்ரை பக்கம் வர, நீ என்ரை பக்கம் போயிட்டியே, மச்சான்" என்றான்.

ஏனோ இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவன் மகள் வளவுக்குள் இருந்து ஒரு கை பலாக்குழையோடு ஓடி வந்து, என் பின்னால் எட்டிப் பார்க்கும் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம்.