வடகிழக்கு நோக்கிய அம்புக்குறிகள்

எங்கள் தெருவின் நிலப்படம் ஒன்று செம்பாக்கத்துப் பள்ளிச் சுவரில் தொங்குகிறது. அதன்படி, மழைநீர் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வடகிழக்காகப் புறப்படுகிறது. வாயிற்கதவை அடைந்ததும் மனம் மாறித் தென்மேற்காகத் திரும்பி ஓடுகிறது. உலகில் எந்த நீரும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. சுற்றுச்சூழல் பாடத்திற்காக அப்படத்தின் முன் நிறுத்தப்படும் மாணவர்கள் காரணம் கேட்கிறார்கள். விடை தெரியாத ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார். இப்போது அஸ்தினாபுரத்தார் சிலர் அதையே முன்மாதிரியாகக் கொண்டு தங்கள் பகுதியை வரையப்போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிழை இன்னொரு தெருவிலும் குடியேறுவதற்கு முன் நடந்ததை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

எங்கள் தெருவின் வடகிழக்கு முனையில் மேல்நிலை நீர்த்தொட்டி நிற்கிறது. அது மேடு. தென்மேற்கு முனையில் இருப்பது கடைசி வீடு. அது பள்ளம், அதன் பின்னால் ஏரியைச் சேரும் பழைய கால்வாய் உண்டு. அப்போதெல்லாம் பெருமழை பெய்தால் தெருநீர் முழுவதும் கடைசி வீட்டுக் கூடத்தில் தங்கிவிட்டுத்தான் கால்வாய்க்குப் போகும். அவ்வீட்டுப் பெண்மணி தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் பணிபுரிகிறார். கணவருக்கு வெளியூரில் வேலை. மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். மழைக்காலம் வந்தால் அந்த அம்மையாரின் கட்டிற்கால்களுக்கு அடியில் செங்கற்கள் ஏறும். படம் வரைந்ததற்கு முந்தைய பருவமழையில் செங்கற்கள் போதவில்லை. அவரைத் தூக்கி உணவு மேசைமேல் கிடத்தினார்கள். “அப்போ நீங்கள்லாம் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க” என்று அவர் மேசைமேலிருந்து கேட்டாராம்.

எங்கள் பகுதியைக் கவனிக்கும் பொறியாளரிடம் நானும் கடைசி வீட்டுப் பெண்மணியும் போய் முறையிட்டோம். அவர் நல்லவர்தாம். “தண்ணி எங்கேருந்து எங்க போகுதுன்னு ஒரு மேப் போட்டுக் குடுங்க மேடம். தெருக்காரங்க எல்லாரும் அதுல கையெழுத்துப் போடணும். மழைக்கு முன்னாடி டிரெய்ன் போட்டுடலாம்” என்றார். பள்ளி ஆசிரியையும் மாணவர்களுக்காக ஒரு படி கேட்டார். குடியிருப்போர் சங்கச் செயலர் தம் மொட்டை மாடியைத் தந்தார். அவர் இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

தெருவின் எல்லைகளையும் மனைகளையும் நானே வரைந்தேன். மழைநீர் செல்லும் திசையை மட்டும் அந்தந்த வீட்டார் நீல எழுதுகோலால் அம்புக்குறியிட்டுக் காட்டவேண்டும் என்று முறை வகுத்தேன். தம் வீட்டு நீரைத் தாமே அறிவர் என்ற எண்ணம்.

முதலில் செயலர் குறித்தார். வடகிழக்கு. அடுத்த வீட்டாரும் வடகிழக்கு. அதற்கடுத்தவரும் அவ்வாறே. அம்புகள் அனைத்தும் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

“ஐயா, நீர்த்தொட்டி இருப்பது மேட்டில் அல்லவா? நீர் அங்கே எப்படி ஏறும்?” என்றேன்.

“டீச்சர், ஈசானிய மூலைக்குத்தான் தண்ணி போகணும். வீடு கட்டும்போதே மேஸ்திரி வாட்டம் பார்த்துத்தான் போட்டாரு,” என்றார் செயலர். கல்லூரியில் முப்பது ஆண்டுக்குமேல் தமிழ் கற்பித்த என்னைத் தெருவினர் டீச்சர் என்றே அழைப்பார்கள். அதையும் நான் திருத்தி ஓய்ந்துவிட்டேன்.

“போகவேண்டிய திசையை நான் கேட்கவில்லை. போகிற திசையைக் கேட்கிறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

மனையடி நூலில் நம்பிக்கையற்ற கிறித்தவக் குடும்பத்தார் ஒருவர் இருந்தார். அவராவது உண்மையைக் குறிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரும் வடகிழக்கே இட்டார். “எங்களுக்கு வாஸ்துல்லாம் கிடையாது டீச்சர். ஆனா நாளைக்கு வீடு வாங்க வர்றவன் கேப்பானே” என்றார். அவர் அப்போது வீட்டை விற்கும் எண்ணத்திலும் இல்லை.

இறுதியாகக் கடைசி வீட்டுப் பெண்மணி எழுதுகோலை வாங்கினார். நீர்த்தொட்டியிலிருந்து தொடங்கி, எல்லா வீட்டு வாயில்களையும் கடந்து, தம் கூடத்தின் நடுவே வந்து முடியுமாறு நீண்ட கோடொன்றை இழுத்தார்.

“ஏம்மா, கன்னி மூலையில பள்ளம்னு நீயே காட்டுறியே. அந்த மூலை உசரமா இருக்கணும்மா. ஊரு என்ன பேசும்?” என்றார் செயலர்.

“ஊரு பேசட்டும் சார். போன மழையில எங்க அத்தை சாப்பாட்டு மேசையில கிடந்தாங்க. அத எந்த மூலைன்னு போடுவீங்க?”

அவர் கோடிட்ட தாளில் எவரும் கையெழுத்திடவில்லை. அடுத்த வாரம் செயலர் அக்கோட்டை விட்டுவிட்டுத் தூய படி ஒன்றை எடுத்தார். அனைவரும் மகிழ்ந்து ஒப்பமிட்டனர். அது பொறியாளரிடம் சென்றது. அவர் படத்தை நம்பினார். வடிகால் தெருவின் நடுவில் தொடங்கி நீர்த்தொட்டி வரை போகும் என்று திட்டம் வந்தது. கடைசி வீட்டிற்கு ஒன்றுமில்லை. படம் மேட்டுக்குப் போகச் சொன்னால் வடிகாலும் மேட்டுக்குத்தானே போகும்?

நான் செயலரிடம் வாதிட்டேன். பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டும் வீண். கடைசி வீட்டுப் பெண்மணி வேறு வழி கண்டார். “டீச்சர், புதன்கிழமை காலையில இன்ஜினியரை மட்டும் கூட்டிட்டு வந்துடுங்க. மத்தத நான் பார்த்துக்கறேன்” என்றார்.

பொறியாளரோடு நான் போனபோது நீர்த்தொட்டிக்கருகே அவர் வரவழைத்த தண்ணீர் லாரி ஒன்று நின்றது. அது கோடைக்காலம், தெருவில் குடங்கள் வரிசையாகக் காத்திருந்த காலம். நிலத்தடித் தொட்டியைக் காணாமல் குழாயைத் தரையில் கிடத்திவிட்டு ஓட்டுநர் அப்பெண்மணியைப் பார்த்து நின்றார்.

“இன்னாக்கா, சம்ப் எங்க கீது?”

“சம்ப் இல்லண்ணா. இங்கயே தொறந்து வுடுங்க.”

“ரோட்லயா? வெய்யில்ல ஒனக்கு இன்னா ஆச்சு? ஊரே தண்ணி இல்லாம பேஜாராகிக்கினு கீது.”

“வுடுங்கண்ணா. தண்ணிக்கு வழி தெரியுதான்னு பாக்கணும்.”

அவர் தலையிலடித்துக்கொண்டு திறந்தார். குடிக்கும் நீரைச் சாலையில் கொட்டுவதை என் வாழ்நாளில் நான் ஏற்றதில்லை. நீரோ தயங்கவில்லை. செயலர் வீட்டு வாயிலைத் தொட்டது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கிறித்தவக் குடும்பத்தாரின் வாயிலைக் கடந்தது. பொறியாளர் கையிலிருந்த படத்தையும் காலடியில் ஓடிய நீரையும் மாறிமாறிப் பார்த்தபடி அதன் பின்னே நடந்தார். தெருவின் பாதிப்பேர் அவர் பின்னே நடந்தனர். நீர் கடைசி வீட்டுப் படியிறங்கி உள்ளே நுழைந்தபோது, முன்னதாகவே வந்துவிட்ட அப்பெண்மணி துடைப்பத்தோடு காத்திருந்தார்.

“லாரித் தண்ணி வேற, மழைத் தண்ணி வேற,” என்றார் செயலர்.

“நான் கண்ணால பார்த்துட்டேன்மா. ஆனா மேல போறது கையெழுத்து இருக்கிற மேப்தான். புதுசா ஒண்ணு எல்லார் கையெழுத்தோடயும் குடுங்க” என்றார் பொறியாளர்.

மீண்டும் மொட்டை மாடி. மீண்டும் நீல எழுதுகோல். பொழுது சாயும்வரை பேசினார்கள். என் பொறுமையும் பொழுதோடு சாய்ந்தது. கடைசியில் செயலரே வழி கண்டார். மதிலுக்குள் இருப்பது அவரவர் உரிமை. ஆகவே உள்ளே அம்பு வடகிழக்காகவே இருக்கட்டும். வாயிலுக்கு வெளியே தெரு பொது. அங்கே நீர் தன் விருப்பப்படி போகட்டும். இவ்வேற்பாட்டை அனைவரும் ஏற்றார்கள். நான் ஏற்கவில்லை, அது நிலப்படமன்று, உடன்படிக்கை என்றேன். கடைசி வீட்டுப் பெண்மணி என் கையைப் பிடித்தார். “டீச்சர், அவங்க வீட்டுக்குள்ள எப்படி வேணா ஓடட்டும். எனக்கு ரோடு போதும். கையெழுத்துப் போட்டுடுங்க.” போட்டேன்.

பருவமழைக்கு முன் வடிகால் கடைசி வாயில் வரை வந்து பின்கால்வாயோடு சேர்ந்தது. முதற்கனமழை பெய்த மாலையில் அவர் அழைத்தார். “இன்னும் கட்டிலுக்குக் கல்லு வெக்கல டீச்சர். அத்தை தூங்குறாங்க.” நான் சாளரத்தருகே நின்று, தெருநீர் வடிகாலில் இறங்குவதைப் பார்த்தேன்.

ஆகவே, பள்ளிச் சுவரில் காணும் விந்தையான திருப்பங்களை அஸ்தினாபுரத்தார் பின்பற்றவேண்டா. வாயிலுக்கு வெளியே உள்ள அம்புகளுக்கு நான் பொறுப்பு. உள்ளே உள்ளவற்றிற்குப் பொறுப்பேற்கமாட்டேன்; மழை பெய்யும்போது எந்த மதிலுக்குள்ளும் என்னை எவரும் விட்டதில்லை. இக்குறிப்பில் பிழை காண்போர், குறிப்பாக எங்கள் தெருவினர், அதைத் திருத்தி எனக்கு எழுதியனுப்ப வேண்டுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: எழுதுமுன், மழை பெய்யும்போது தங்கள் முற்றத்தில் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.